வெண்கல ஜாடியில மூணு பொம்பளைங்க

அதுல கொடைய சொருவாதீங்க சம்பந்தி. கொட வெக்கிற ஜாடி இல்ல அது. அடையாளம் தெரியலியா? உங்க வூட்லேர்ந்து வந்ததுதான். நிச்சயதார்த்தத்துக்கு உங்க பையன் ஆகாஷ் பெங்களூர்ல வாங்கினு வந்து என் கையில குடுத்தாரு. கிரேக்க நாட்டுல அந்தக் காலத்துல இருந்த ஜாடிய பாத்து அதே மாதிரி வார்த்த வெண்கலமாம். குந்துங்க, குந்துங்க. எழிலு மாடியில தல வாரிகினு இருக்கு. மருமவள கூட்டினு போவத்தான வந்திருக்கீங்க, போலாம். மாப்பிள்ள வரலியா? மெட்ராஸ்ல ஆபீஸ் வேலையா? சரி சரி. நீங்க காபிய எடுத்துக்கங்க.

இந்த ஜாடியால நான் பட்ட மானக்கேட்ட கேளுங்க. சுத்தி வந்து பாருங்க, மூணு பொம்பளைங்க நிக்கிறாங்களா? ஒருத்தி நூலு முறுக்குறா. ஒருத்தி கோல வெச்சி அளக்குறா. கடைசி ஆளு கையில கத்திரி. பாத்தவொடனே எனக்கு கண்ணு கலங்கிப்போச்சி. அடடா, நம்ம தொழில எவ்ளோ மதிச்சி, தேடிப் புடிச்சி வாங்கினு வந்திருக்காங்கன்னு. தறி வெச்சிருக்கிறவன் கண்ணுக்கு வேற என்னா தெரியும்? நூலு சுத்துறா, தறியில நீளவாட்டுல ஏத்துற பாவு அளக்குறா, நெய்து முடிச்ச சேலைய அறுக்குறா.

அப்புறம் என்னா, கூடத்துல நட்டநடுவுல வெச்சேன். மூணு பேருக்கும் குங்குமம். என் சம்சாரம் லீலா, ஐயோ தோளு தெரியுதேன்னு ஒரு பட்டுத் துண்ட போத்தி வுட்டுச்சி. சாயம் போட வந்தவரு, கரண்ட்டு கணக்கெடுக்க வந்தவரு, கேஸ் சிலிண்டர் போட வந்தவரு, ஒருத்தர வுடல. நிக்க வெச்சி வெளக்கம் சொல்லுவேன். மொத ஆளு நூல புடிச்சிருக்கிற தினுசு சரியில்ல, முறுக்கு நிக்காது, ஆனா அறுக்கிறவ கைப்பதம் இருக்கே, அசல் ஆரணிக் கைன்னு அளந்துகினு திரிஞ்சேன். கேஸ்காரரு இப்பல்லாம் வாசல்லியே எறக்கி வெச்சிட்டு ஜல்தியா கெளம்பிடறாரு.

எழிலு கிட்டயும் அதே கததான். கல்யாணமாகிப் போனப்புறம் போன் பண்றப்பல்லாம் ஜாடியப் பத்தி பேசுவேன். அது ம், ம்னு கேட்டுகினே இருக்கும். பொண்ணு ரசிக்குதேன்னு நான் இன்னும் கொஞ்சம் இழுப்பேன். அப்புறம் பாத்தா, போனு உங்க பையன் கையில இருந்துச்சாம். ஸ்பீக்கர்ல போட்டுட்டு பக்கத்துலயே உக்காந்துகினு கேப்பாராம். அதால வேற எதுவும் வாயத் தொறந்து சொல்ல முடியல. இங்க வந்தப்புறம்தான் சொல்லுச்சி. ஜாடிக் கத ஒரு வார்த்த கூட காதுல ஏறலியாம்.

இருங்க, எழுந்துக்காதீங்க. அசிங்கப்பட்டதே இனிமேதான்.

போன வாரம் எழிலு அந்தத் துண்ட எடுத்துட்டு, ஜாடிய போட்டோ புடிச்சி என்னவோ தேடிப் பாத்துச்சி. அப்பா, இவங்க நெசவுக்காரங்க இல்ல, விதிய பாக்குற சாமிங்கன்னுச்சி. மனுஷன் பொறந்தா ஒருத்தி அவன் ஆயுசு நூல முறுக்குவாளாம். ஒருத்தி அளப்பாளாம். மூணாவது ஆளு வெட்டினா கத முடிஞ்சிதாம். அவளுக்குத்தான் நான் வெள்ளிக்கெழம தவறாம பூ வெச்சிகினு இருந்தேன். லீலா வெளக்குமாத்த எடுத்துனு வந்து நின்னுச்சி. அடி ஜாடிக்கா எனக்கான்னு தெரியல. எழிலு சிரிச்சுது பாருங்க. இந்த வூட்டுக்கு திரும்பி வந்ததுலேர்ந்து அன்னிக்கிதான் சிரிச்சுது.

சிரிச்சி முடிச்சிட்டு கேக்குது. அப்பா, பாவே தப்பா ஏறிப்போச்சி, பாதி சேலையில தெரிய வருது, நீ என்னா பண்ணுவன்னு. தறியப் பத்தி கேட்டா எனக்கு பொறுக்குமா? நிமிந்து உக்காந்துகினு சொல்றேன், இன்னும் ரெண்டு மொழம் ஓட்டிப் பாக்கலாம்னு நெய்யறவன் முட்டாளு, ஓட்ட ஓட்ட பட்டுதான் பாழு, அறுத்துட்டு வேற பாவு ஏத்தணும், தறியில அறுக்கிறது துக்கம் இல்லம்மா, அடுத்த சேலைக்கு எடம் வுடறதுன்னு.

சரிப்பான்னுச்சி. அவ்ளோதான். எனக்கு அது என்னா கேட்டுச்சின்னு வெளங்கவே மறுநாளு ஆச்சி. அதுக்கு முந்தின நாளு வரைக்கும், பொறுத்துப் போம்மா, சம்பந்தி வந்து கூப்ட்டா கெளம்பிடுன்னு சொல்லிகினு இருந்த பெரிய மனுஷனும் நான்தான். என் வாயிலேர்ந்தே புடுங்கிடுச்சி பாருங்க.

என் போனுங்க, மெசேஜு. இருங்க, கண்ணாடிய போட்டுக்கறேன். ம். ஏறி உக்காந்துடுச்சாம். கதவு சாத்திட்டாங்களாம்.

யாரா? எழிலுதான்.

மாடியில யாரும் இல்லீங்க சம்பந்தி. விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிடுச்சி. பூனாவுல வேல கெடச்சிருக்கு, மெட்ராஸ்லேர்ந்து பிளேனு. உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா ஒரு போன் போடுவீங்க, உங்க பையன் ஏர்போர்ட் வாசல்ல வந்து நிப்பாருன்னு அதுக்கு பயம். வக்கீல் கிட்டயும் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டுதான் போயிருக்கு. நீங்க கோச்சிக்கினாலும் சரி. அப்பா, மாமா வந்தா நீ பாட்டுக்கு பேசிகினே இரு, இத்தினி வருஷமா நீ பேசினதுல இன்னிக்கி பேசறதாவது எனக்கு ஒதவட்டும்னு சொல்லிட்டுதான் பஸ்ஸு ஏறுச்சி.