மைக்கை அவரே வச்சுக்கட்டும்

"எங்க மாமியா அந்தக் காலத்துல எம்.எல்.ஏ.வுக்கு நின்னப்ப, எங்க மாமனாரே அவங்களுக்கு ஓட்டுப் போடலக்கா."

வரிச்சிக்குடி பஸ்ஸில் பின்சீட்டில் இருந்தேன். முன்னால் காரைக்கால்மேட்டு மீன்காரிகள் இருவர், காலடியில் கூடையோடு. சொன்னவள் இளையவள்.

"அடி ஆத்தாடி! கட்டுனவனே போடலயா?"

"பொம்பள நிக்கக் கூடாதுன்னு ஊர்ப் பஞ்சாயத்துல சொல்லிட்டாங்களே. மீறி நின்னதுக்கு ஏலத்துல மீனும் குடுக்கல."

"இப்ப அதே பஞ்சாயத்துதானே உன்னை எலக்சன்ல நிறுத்துது?"

"பொம்பள வார்டாப் போச்சே. என்னை எங்கக்கா கேட்டாங்க? எங்க வூட்டுக்காரரு தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. சாயந்தரம் கூட்டம். நான் கும்புடு போட்டாப் போதுமாம், மைக்குல அவரு பேசுவாராம்."

"நீ என்னடி சொன்ன?"

"என்னத்தச் சொல்றது? அலுப்பா இருக்கு."

வரிச்சிக்குடி வந்தது. பெரியவள் கூடையைத் தூக்கிவிட்டாள். இளையவள் படியில் நின்று திரும்பினாள்.

"நாலு தெருவுக்குக் கேக்க மீன் கூவுற வாய்தானேக்கா இது. மைக்க அவரே வச்சுக்கட்டும். நான் பேசிக்கிறேன்."

இறங்கியதும், "மீனேய்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். பஸ் வளைவு திரும்பின பிறகும் எனக்கு அது கேட்டது.