படிக்கட்டில் ஒத்த பூட்ஸ்

டீ போடறதுல நான் கொஞ்சம் கெட்டிக்காரன், கோரா. உங்கம்மா ட்வைலாவே சொல்லுவா. அதுலேருந்து ஆரம்பிக்கறேன். நீ கேக்க வந்த பூட்ஸுக்கும் வந்துடறேன்.

அபிலீன்ல நாங்க வாசிச்ச ஹாங்கி டாங்க் ஹாலுக்கு, அதான் குடியும் பாட்டும் ஆட்டமுமா இருக்கற அந்த இடத்துக்கு, ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிடிச்சுப்போனா ஜனங்க மேடைக்கு ஒரு கிளாஸ் விஸ்கி அனுப்புவாங்க. பாடறவ அதை அவங்க கண்ணெதிரே ஒரே மூச்சுல காலி பண்ணணும். கீழே வெச்சா அனுப்பினவனுக்கு அவமானம். உங்கம்மாவோ நீ வயித்துல வந்த நாள்லேருந்து ஒரு சொட்டு தொடல. அதனால என் ஸ்டீல் கிட்டாருக்குக் கீழே ஒரு பாட்டில் இருக்கும். பால் இல்லாம நான் போட்டு ஆறவெச்ச டீ. கிளாஸை மாத்திக் குடுக்கறது என் வேலை. எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. "என்ன பெரியவரே, இன்னிக்கு சரக்கு கசக்குது"ன்னு கிண்டல் பண்ணுவா.

நாஷ்வில் ரெக்கார்ட் கம்பெனிலேருந்து ஒரு ஆள் அவ பாட்டைக் கேக்க வந்தான். வேகப் பாட்டுக்கெல்லாம் தொடையில தாளம் போட்டான். அழுகைப் பாட்டு வந்ததும் போனை நோண்ட ஆரம்பிச்சுட்டான். "குரல் தங்கம். ஆனா இந்தப் பொண்ணு எதையும் தொலைச்சதில்லைய்யா"ன்னான். சரியாத்தான் சொன்னான். பாட்டுக்கு நடுவுலகூட முன் வரிசையில உன்னைத் தேடிச் சிரிக்கறவ அவ.

அந்த மாசந்தான் பிரிஞ்சிருந்த உங்கப்பா, உன்னைத் தன்கிட்ட குடுக்கணும்னு கோர்ட்டுக்குப் போனார். கையில ஒரு வீடியோ, அதுல அவ ஒரே சாயங்காலம் ஒன்பது கிளாஸ் காலி பண்றா. உனக்கு அப்போ அஞ்சு வயசு. ட்வைலா என் வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சா.

"டீ குடிச்சதுக்குப் புள்ளையைப் பிடுங்குவாங்களா? நீங்க அந்தப் பாட்டிலோட வந்து ரெண்டு வார்த்தை சொல்லுங்க, போதும். இது முடிஞ்சா ஊர் ஊராச் சுத்தறதையும் விட்டுடறேன். இவகூட வீட்டோட இருந்துடறேன்."

முப்பது வருஷமா, பேரே வாங்காத பாடகருங்களுக்குப் பின்னாடியே வாசிச்சவன் நான். அவ சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினேன்.

கேஸ் அன்னிக்குக் காலையில, வண்டி வழியில நின்னுடுச்சுன்னு அவளுக்குப் போன் பண்ணினேன். டீன்னு அவ சொன்னதை யாரும் நம்பல. உன்னை உங்கப்பாகிட்ட குடுத்துட்டாங்க. அவ என்னை ஒரு வார்த்தை குத்தம் சொல்லல. "வண்டின்னா நிக்கத்தான் செய்யும், நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு என்னையே தேத்தினா. அப்புறம் நான் கோர்ட்டுக்குப் போய்ச் சொல்லியும் தீர்ப்பை மாத்தமாட்டேன்னுட்டாங்கன்னு அவகிட்ட சொன்னேன். நான் போகவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவ அதே அழுகைப் பாட்டைப் பாடினப்போ, ஆடிக்கிட்டிருந்த ஜோடியெல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் அந்த பூட்ஸ் பாட்டு. நாடு பூரா லாரிக்காரங்கல்லாம் அதைத்தான் கேட்டாங்க. பேர் வந்ததும் அவ முதல்ல வாங்கினது எனக்கு ஒரு புது வண்டி. சாவியைக் கையில வெச்சு, "இது வழியில நிக்காது பெரியவரே"ன்னா.

பாட்டு அவளோடது. ஒரு வரி மட்டும் என்னோடது. உன்னைத் தூக்கிட்டுப் போறப்போ இடது கால் சிவப்பு பூட்ஸ் கழண்டு கோர்ட் படிக்கட்டுல விழுந்துச்சே, யாரும் எடுக்கலையே, அந்த வரி. அவ அப்போ உள்ளே அழுதுக்கிட்டிருந்தா, பாக்கல. எனக்கு எப்படித் தெரியும்னு இதுவரைக்கும் அவ கேட்டதே இல்லை. நீ கேக்கறே.

அன்னிக்கு நான் கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல இருந்த ஓட்டல்ல ஜன்னலோரம் உக்காந்திருந்தேன். டீ பாட்டில் பக்கத்துலேயே இருந்துச்சு. பழைய வண்டி வாசல்ல நின்னுச்சு. அது ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்லை.

தப்புதான். பன்னெண்டு வருஷமா உறுத்துது. இப்பல்லாம் மேடைக்கு வர்றதை உங்கம்மா அப்படியே குடிக்கறா, டீ வேணாம்னுட்டா.

ஆனா அந்த வரி முடிஞ்சதும் என் கிட்டார் மட்டும் தனியா வர்ற இடம் இருக்கே, கேட்டிருப்பியே கோரா. நல்லா வந்திருக்கு, இல்ல?