நேர் பிளேடா, வி பிளேடா

பனி தள்ள வண்டியின் முன்னால் மாட்டும் ஐந்தடி பிளேடுக்கும் ஆறடி பிளேடுக்கும் ஓரடிதான் வித்தியாசம் என்று பலரும் நினைக்கிறார்கள். பனியை ஓரமாக ஒதுக்க பிளேடைக் கோணமாகத் திருப்ப வேண்டும், திருப்பினால் அகலம் குறைந்துவிடும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. வண்டியின் சக்கரங்கள் நாலடி அகலத்துக்கு ஓடுகின்றன. திருப்பி வைத்த ஐந்தடி பிளேடு அதைவிட நாலு விரல்கடைதான் கூடுதல். கொஞ்சம் பிசகினால் தள்ளிய பனியையே மிதித்துக்கொண்டு போவோம். விஷயம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்களே, இங்கிருந்துதான் ஆரம்பித்தது.

என்னைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். டெல்பர்ட் கோஸ்கி, இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவன். எரிந்த வீடு, நொறுங்கிய கார், கூரை சரிந்த கொட்டகை என்று போய்ப் பார்த்து, தவறு யார் பக்கம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நான் கோபக்காரன் இல்லை. அவசரப்பட்டு ஒரு முடிவும் எடுத்ததில்லை.

கையால் பனி அள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், மான் வேட்டைக்குப் போய்வர வைத்திருந்த, பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் சின்ன நாலு சக்கர வண்டிக்கு ஒரு பிளேடு மாட்டலாம் என்று முடிவு செய்தேன். இலைகள் நிறம் மாறும் முன்பே தேடத் தொடங்கிவிட்டேன். இரும்பா பிளாஸ்டிக்கா, நேர் பிளேடா வி பிளேடா, தூக்கி இறக்கக் கம்பி சுற்றி இழுக்கும் வின்ச் போதுமா தனி மோட்டார் வேண்டுமா என்று பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. சுப்பீரியர் ஏரியிலிருந்து கிளம்பி வரும் பனி என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கே தெரியும்.

என் மனைவி அர்லீனின் தம்பி வெஸ்லி. பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே பாதை. அவனிடமும் என்னுடையதைப் போலவே ஒரு வண்டி உண்டு. ஒருநாள் என்ஜின் ஆயில் வாங்கக் கடைக்குப் போனவன் ஐந்தடி நேர் பிளேடு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

"எதைப் பாத்து இதை எடுத்தே?" என்று கேட்டேன்.

"கதவுக்குப் பக்கத்துல இருந்துச்சு மச்சான். தூக்கிட்டு வர வசதியா இருந்துச்சு."

அந்தப் பதிலை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்கு முன்பே பனி கொட்டிவிட்டது. நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. காலையில் காப்பியோடு ஜன்னலுக்கு வந்து நின்றால், வெஸ்லி தன் பாதையைத் தள்ளி முடித்துவிட்டு என் வாசலையும் தள்ளிக்கொண்டிருப்பான். ஹாரன் அடிப்பான், கையசைப்பான். உதவிதான், நான் மறுக்கவில்லை. உதவி செய்கிறவர்கள் கொஞ்சம் சத்தமில்லாமல் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம்.

சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் ஆரம்பிப்பான்.

"எங்க மச்சான் இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டே இருக்காரு. ஒண்ணு குட்டையாம், ஒண்ணு நெட்டையாம். இவரு தாலி கட்டுறதுக்குள்ள ஜூன் வந்துரும், அப்பறம் அதை வெச்சுப் புல்லுதான் வெட்டணும்!"

பாஸ்டர் காப்பியைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். அர்லீனும் சிரித்தாள். வீட்டில் நான் விளக்க முயன்றபோது, "பாதைதான் சுத்தமா இருக்கே, அப்பறம் என்ன? சாப்பாட்டு நேரத்துலயாவது பிளேடு போடாதீங்க" என்றாள்.

ஜனவரியில் வாங்கினேன். ஆறடி வி பிளேடு. நடுக் கீலில் முன்பக்கம் மடக்கினால் கப்பலின் மூக்கு மாதிரிக் கூராகும், உள்பக்கம் மடக்கினால் பனியை வாரிக் குவிக்கும். நேர் பிளேடு இறுகிய பனிக்குன்றின் முன்னால் முட்டிக்கொண்டு நிற்கும். வி பிளேடு அதைப் பிளந்து இரு பக்கமும் ஒதுக்கும். விடிந்ததும் மாட்டிக்கொண்டு வெளியே போனேன். முற்றம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வெஸ்லி அதற்குள் தள்ளிவிட்டான்.

மறுநாளும் அப்படித்தான். "ஒரு வாரம் எதையும் தொடாம விட்டுரேன்" என்று அவனிடமே கேட்டுவிட்டேன்.

"முடியாது மச்சான், கை பழகிப்போச்சு. தூக்கத்துலகூடத் தள்ளிட்டு வந்துருவேன் போல."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என்னிடம் வி பிளேடு இருந்தது, பிளப்பதற்குப் பனி இல்லை. ஆகவே குன்றையும் நானே உண்டாக்க வேண்டியிருந்தது.

முதலில் வெஸ்லியின் தபால் பெட்டியைப் பனியால் மூடினேன். அது சிறிய காரியம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது சர்ச்சின் பக்கவாட்டுக் கதவில் குவித்தேன். தள்ளிக் குவித்த பனி, வானத்திலிருந்து விழுந்த பனி மாதிரி அல்ல. சற்று நேரம் விட்டால் சிமென்ட் போல இறுகிவிடும். நன்றாக இறுகவிட்டு, உள்ளே கடைசிப் பாட்டு முடிவதற்குள் ஒரே பாய்ச்சலில் பிளந்து கதவைத் திறந்துவிட்டேன். பிரமாதமான வேலை. வெளியே வந்தவர்கள் திறந்திருந்த கதவை ஒரு கதவாகத்தான் பார்த்தார்கள். அது அடைபட்டிருந்ததே யாருக்கும் தெரியாது. பிளேடின் அருமை தெரிய வேண்டுமென்றால் கதவுக்கு உள்ளே இருப்பவனுக்கு அடைபட்டது தெரிய வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் வெஸ்லி சவுனாவுக்குப் போவான். முற்றத்தின் கோடியில் மரத்தால் கட்டிய சின்னக் குளியலறை. அடுப்பில் பிர்ச் விறகைத் திணித்து, கல் பழுக்கக் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி ஆவியில் உட்கார்ந்திருப்பான். அதன் கதவு வெளிப்பக்கம்தான் திறக்கும். உள்ளே ஒருவனுக்கு மயக்கம் வந்தாலும் கதவில் சாய்ந்தால் வெளியே விழுந்துவிட வேண்டும், அதற்காகத்தான் அப்படி வைப்பார்கள். சவுனாவில் நடந்த சாவுகளைப் பற்றி நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாததல்ல.

அந்தச் சனிக்கிழமை அவன் உள்ளே போனதும், ஓரத்தில் ஒதுக்கிக் கிடந்த பனியை வாரிக் கதவுக்கு எதிரே கூரை விளிம்பு வரை குவித்தேன். ஜன்னலை மூடும் எண்ணம் எனக்கு இல்லை. உயரம் தேவைப்பட்டது, ஜன்னல் அந்த உயரத்தில் இருந்தது. கீழே காற்று வரும் துவாரமும் அப்படித்தான்.

முதலில் அவன் சிரித்தான். "என்ன மச்சான், புதுப்பொண்ணோட ஊர்வலமா? வாசல்ல ஒரே சத்தமா இருக்கு!"

அப்புறம், "போதும் மச்சான், எடுத்து விடு. உள்ள வேகுது."

"கொஞ்சம் பொறு. இறுகட்டும்" என்றேன்.

"எது இறுகணும்?"

"பனி."

உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பார்த்தான். அப்புறம் கதவைத் தட்டத் தொடங்கினான். நான் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தேன். அவசரப்பட்டால் குன்று சரியாக இறுகாது, இறுகாத குன்றைப் பிளப்பதில் பெருமையும் இல்லை.

திரும்பி வந்து வேகமெடுத்து மோதினேன். நான் குவித்த குன்று நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. அடியில் உறைந்து ஐஸாகிவிட்டது. பிளேடு அதைப் பிளக்காமல் மேலே ஏறியது, வண்டி ஒருக்களித்துச் சரிந்தது, பிளேடின் நடுக் கீல் வளைந்துவிட்டது. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அந்தக் கீலைப் பார்த்தபோது மட்டும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சத்தம் கேட்டு அர்லீன் ஓடி வந்தாள்.

"வெஸ்லி எங்க?"

"சவுனால."

"சவுனா எங்க?"

கையைக் காட்டினேன். அவள் வீட்டுக்குள் ஓடி உங்களுக்குப் போன் செய்தாள். நான் தடுக்கவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வான்கோழி வாட்டும் தட்டை எடுத்துவந்து அதால் சுரண்டத் தொடங்கினாள். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் வெஸ்லியின் வண்டி, நேர் பிளேடு மாட்டியபடி, குன்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"அவன் வண்டிய எடுங்க! மரம் மாதிரி நிக்கிறீங்களே, எடுங்க!"

"சாவி இல்லை" என்றேன்.

"எப்பவும் வண்டிலயேதான வெச்சிருப்பான்!"

"இப்ப இல்ல."

உள்ளே தட்டும் சத்தம் அதுவரை சீராகக் கேட்டது. அப்புறம் விட்டு விட்டுக் கேட்டது.

என் தவறு என்ன என்று நின்று யோசித்தேன். பிளேடில் குறை இல்லை. மூக்கு மேலே எழும்பாமல் அழுத்திப் பிடிக்க முன்பக்கம் எடைக்கட்டி போட்டிருக்க வேண்டும். அதை நான் வாங்கவில்லை. ஆகவே காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அர்லீன் பின்னாலிருந்து ஏதோ கத்தினாள், சரியாகக் கேட்கவில்லை. கடையில் இரண்டு வகை எடைக்கட்டிகள் இருந்தன. ஒன்று வார்ப்பிரும்பு, இன்னொன்று மணல் நிரப்புவது. கல்லாவில் இருந்த பெண் "அவசரமா சார்?" என்று கேட்டாள். "அவசரப்பட்டு வாங்குற பொருளா இது?" என்றேன். நீங்கள் உள்ளே வந்து என் தோளில் கை வைத்தபோது நான் இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே ஓடிப்போனதாக எழுத வேண்டாம்.

உங்கள் ஆட்கள் கூரையை உடைத்து அவனை வெளியே எடுத்ததாகச் சொன்னீர்கள். சந்தோஷம். உயிர் இருக்கிறது, தொண்டையில் குழாய் போட்டிருப்பதால் பேச முடியவில்லை என்றும் சொன்னீர்கள். இந்தக் குளிர்காலத்தில் வெஸ்லி வாய் திறக்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை. பழகக் கொஞ்ச நாள் ஆகும். அர்லீன் என்னைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாளாம். அவளும் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

சாவியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், என் சட்டைப் பையில்தான் இருந்தது. பனியைக் குவிப்பதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொண்டேன். அர்லீன் தட்டால் சுரண்டிக்கொண்டிருந்தபோதும், தட்டும் சத்தம் நின்றபோதும், அது என் பையில் இருப்பது எனக்குத் தெரியும். கொடுத்திருந்தால் அவள் அந்த ஐந்தடி பிளேடால் தள்ளிப் பார்த்திருப்பாள். கதவு திறந்திருந்தால் வெஸ்லி வெளியே வந்து முதலில் என்ன சொல்லியிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. நேர் பிளேடு அந்தக் கதவைத் திறந்திருக்கும் என்று மட்டும் இதில் எழுதாதீர்கள். யாரும் ஓட்டிப் பார்க்கவில்லையே.