மில்கா எந்தக் கரை

சர்க்கரை வேண்டாம், இப்படியே குடிக்கிறேன். மில்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன்னால் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பல்கேரியாவில் நம் ரூசே நகரிலிருந்து டான்யூப் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ருமேனியா. அந்தக் கரை மருத்துவமனையில் டாக்டர் ஹொராத்சியு, இந்தக் கரையில் நான். இருவரிடமும் மயஸ்தீனியா நோயாளிகள். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராதபடி உடம்பே தடுத்துவிடும் நோய். காலையில் தெம்பாக இருப்பவர்களுக்கு மாலையில் இமை தொங்கும், குரல் தேயும். எந்த நாட்டு நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று ஒப்பிடுவது எங்கள் ஆய்வு. ஒரே மூச்சில் எதுவரை எண்ணுகிறார்கள் என்பது அதில் ஒரு சோதனை.

முதல் ஆண்டு தோற்றோம். ஹொராத்சியு எல்லார் முன்னாலும் கேட்டான். "என்னப்பா அசென், உங்க ஆளுங்க இருபதோட நிறுத்திடறாங்க. பல்கேரியாவுல அதுக்கு மேல எண்ணே கிடையாதா?"

நானும் சிரித்தேன். பேராசிரியர் அல்லவா. பிறகு பந்தயத்தில் கடைசியாக வந்த பையனைப் போல மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஆண்டு எங்கள் சோதனையைக் காலைக்கு மாற்றினேன். தூங்கவைத்து, மாத்திரை கொடுத்து, தயிர் ஊட்டி எண்ணவைத்தேன். இரு நாட்டிலும் மாலையில்தான் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதியவனும் நான்தான், நல்ல நடையில்.

மில்கா சந்தையில் செர்ரி விற்பவள், எங்கள் பக்க ஆய்வு நோயாளிகளில் ஒருத்தி. ஆய்வு முடிய ஒரு நாள் இருந்தபோது, பிற்பகலில் வந்தாள். தாடையைக் கையால் தாங்கியிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், மூக்கு வழியாக வந்தது.

"டாக்டர், மூச்சு பாதியிலயே நின்னுடுது. ஒரு கட்டில் குடுங்க."

"காலியில்லையேம்மா."

"அதோ மூணு கிடக்கே. இமைதான் தொங்குது டாக்டர், கண்ணு தெரியுது."

நல்ல நகைச்சுவை உணர்வு அவளுக்கு. ஆனால் சேர்த்தால், நிலை மோசமானவர்களில் எங்கள் பக்கம் ஒருவர் கூடிவிடுவார். அந்த ஒருவரால் மறுபடியும் தோற்போம். "நாளை மறுநாள் வாம்மா" என்றேன். பேருந்து நிறுத்தம்வரை கூடவே போனேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் சொன்னதில்லை.

மூச்சு நின்றுவிடும் என்று தெரியாதா என்கிறீர்கள். மாணவர்களுக்கு நானே நடத்தும் பாடம் அது. தெரிந்துதான் அனுப்பினேன். ஆய்வு முடிந்த பிறகு நிற்கும் என்று நினைத்தேன். அவள் பேருந்திலேயே இறந்துவிட்டாள். ஆய்வு முடியும் முன்பே என்பதால் எங்கள் பக்கக் கணக்கில் வந்துவிட்டாள்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா? மில்கா பிறந்தது அந்தக் கரையில். உங்கள் விசாரணை அறிக்கையில் அவளை ருமேனியா பக்கம் எழுதிக்கொள்கிறீர்களா?