நன்றிகெட்ட வாள்

இந்த மேஜை ஆடாமல் நிற்கிறது. பார்த்ததுமே பிடித்துவிட்டது ஐயா. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை முட்டுக் கொடுத்துத்தான் ஞாயிறு மதியங்களில் பகடை உருட்டுவோம்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக முதலிலிருந்தே சொல்கிறேன். அது கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் அதில் வீரர்களாக நடிப்பார்கள். யார் ஜெயிப்பது, யார் சாவது என்பதைப் பகடை சொல்லும். நடத்துபவன் நான். என் தங்கை மந்திரக்காரி. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, வாள்வீரர். மூன்றே பேர்தான், ஆனால் மூன்று வருடத்தில் ஒரு ஞாயிறு தவறியதில்லை.

மாப்பிள்ளையின் வீரனுக்கென்றே ஒரு சபிக்கப்பட்ட வாளை உருவாக்கினேன். மூன்று மாதம் மண்டையைக் குடைந்து யோசித்தது. அதைக் கையில் எடுத்தவனுக்கு எந்தச் சண்டையிலும் தோல்வி கிடையாது. ஆனால் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், இருபது முகப் பகடையை நான் ஒரே ஒரு தடவை உருட்டுவேன். ஒன்று விழுந்தால் வாள் அவனைக் கைவிடும். எவ்வளவு நம்பினாலும் அதற்கு நன்றி கிடையாது, அதனால்தான் நன்றிகெட்ட வாள். எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மாதம் ஒன்று விழவே இல்லை. போன ஞாயிறு விழுந்தது. தொங்குபாலத்தின் நடுவில் வாள் முறிந்து, அவருடைய வீரன் பள்ளத்தாக்கில் விழுந்தான். அழகான சாவு. இழவு வீட்டுக்காரனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

மாப்பிள்ளை எட்டி, என் அட்டைத் தடுப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

"மச்சான், ஒரு விளையாட்டுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சுக்காதீங்க. இன்னொரு தடவை உருட்டுங்க" என்றார்.

"உருட்டுண்ணா, பாவம். மூணு வருஷமா வளர்த்த ஆளு" என்றாள் தங்கை.

உருட்டினேன். பதினான்கு. வாள் முறியவே இல்லை என்று ஆகிவிட்டது. இருவரும் கைதட்டிவிட்டு மிச்சக் கதையைக் கேட்டார்கள், நானும் சொன்னேன். எனக்குக் கோபம் இல்லை ஐயா. அவமானமாக இருந்தது. விதியை எழுதியவனைக்கொண்டே விதியை அழிக்க வைத்துவிட்டார்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். உயரமான கட்டடங்களில் வெளியே தொங்கியபடி கண்ணாடி துடைப்பவர்களின் கயிறு, கொக்கி, இடுப்புப் பட்டை எல்லாவற்றையும் காலையில் நான் பார்த்துப் பச்சைச் சீட்டுக் கட்டினால்தான் ஆள் இறங்கலாம். சந்தேகம் என்றால் சிவப்புச் சீட்டு. பதினொரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. மாப்பிள்ளையை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். "மச்சான் பார்த்துட்டா நான் திரும்பப் பார்க்கவே மாட்டேன்" என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார்.

திங்கட்கிழமை காலை அவருடைய பட்டையில், கயிற்று வளையத்தைப் பிடித்திருக்கும் தையல் பாதி பிரிந்திருந்தது. நான் பிரிக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். தேய்ந்து தானாகப் பிரிந்தது. சிவப்புச் சீட்டைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்புறம்தான், இது என் முடிவாக இருக்கக் கூடாது என்று தோன்றியது. பகடை எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். வாளுக்கு எழுதிய அதே விதி: ஒன்று விழுந்தால் பச்சை, வேறு எது விழுந்தாலும் சிவப்பு. இருபதில் பத்தொன்பது வாய்ப்பு அவர் பக்கம். இதைவிடத் தாராளமாக யார் நடந்துகொள்வார்கள்?

ஒன்று விழுந்தது. பச்சைச் சீட்டைக் கட்டினேன். அவர் வந்து பட்டையை மாட்டிக்கொண்டு, "சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடி விளிம்பைத் தாண்டி இறங்கினார். பதினாறாவது மாடிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தையல் விட்டுவிட்டது.

தங்கை என் முகத்தில் விழிக்க மறுக்கிறாள். நீங்களாவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான் யாரையும் கொல்லவில்லை. பகடை சொன்னதைச் செய்தேன்.

எத்தனை தடவை உருட்டினேன் என்று கேட்கிறீர்கள். மறுபடி உருட்டலாம் என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர்களே அவர்கள்தான். சாமான் அறையில் வேறு யாரும் இல்லை, அவர் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை ஐயா. நாற்பத்து மூன்றாவது தடவை ஒன்று விழுந்தது.