பூட்டு கொடுக்கிற வங்கி

கெவேடோ: ...சும்மா கொடுக்குறாங்கடா. கையெழுத்துப் போட்டா நம்ம பெட்டிக்கு ஒரு பூட்டு.

டோர்னெல்ஸ்: சும்மா யாருடா கொடுப்பா?

கெவேடோ: வங்கிக்காரங்க. முதல் மேசையில பாரு, சிவப்பு நகம் வச்ச அக்கா. நம்ம சம்பளம் வந்து விழ ஒரு கணக்கு வேணுமாம். மத்தியானச் சோத்துக்குள்ள எல்லாரும் திறந்தாகணும். காலையில அணிவகுப்புல சார்ஜென்ட் ஃபகுண்டஸ் தொண்டை கிழியச் சொன்னாரே, நீ எங்க போயிருந்த?

டோர்னெல்ஸ்: கக்கூஸ் கழுவ. அனுப்பினதே அவர்தான்.

கெவேடோ: அப்பக் கேட்டுக்க. மூணு மேசை, மூணு வங்கி. முதல் மேசையில பூட்டு. ரெண்டாவதுல தண்ணி பாட்டில், ஆனா மூடி ஒழுகுதாம். மூணாவதுல ஒரு தாத்தா.

டோர்னெல்ஸ்: தாத்தா என்ன கொடுக்கிறார்?

கெவேடோ: ஒண்ணும் கொடுக்கல. தூங்குறார்.

டோர்னெல்ஸ்: பூட்டுக்காரங்க மாசத்துக்கு என்ன பிடிப்பாங்க?

கெவேடோ: அதெல்லாம் யாரு கேட்டா... இரு, அந்த அக்கா ஏதோ சொன்னாங்க. கணக்குக்கு முப்பது ரெயால். அப்புறம் அடக்கத் திட்டம்னு ஒண்ணு. அதுக்கு இருபத்தஞ்சு.

டோர்னெல்ஸ்: என்ன அடக்கம்?

கெவேடோ: செத்தா புதைக்கிறதுக்குடா. பெட்டி, பூ, மெழுகுவத்தி, ராத்திரி முழிச்சிருக்கிறவங்களுக்குக் காப்பி... எல்லாம் அவங்க பொறுப்பு.

டோர்னெல்ஸ்: உனக்குப் பதினெட்டு வயசு.

கெவேடோ: அதைத்தான் நானும் சொன்னேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, பட்டாளத்துக்கு வந்துட்டீங்களே தம்பின்னாங்க. சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்.

டோர்னெல்ஸ்: தாத்தா வங்கியில என்ன பிடிப்பாங்களாம்?

கெவேடோ: எழுப்பிக் கேட்டான் நம்ம கூடத்து மஷாடோ. கட்டணம் இல்ல, அடக்கம் இல்ல, ஒண்ணும் இல்லன்னுட்டுத் திரும்பத் தூங்கிட்டாராம். எதையும் பிடிக்காத வங்கி ஒரு வங்கியாடா? நாளைக்கே ஓடிருவான்.

டோர்னெல்ஸ்: கேன்டீன்ல பூட்டு இருபது ரெயால்தான்.

கெவேடோ: இருபது உன்கிட்ட இருக்கா?

டோர்னெல்ஸ்: இருக்கு. அது பஸ்ஸுக்கு. முதல் லீவு விட்டதும் ஊருக்கு, கசெக்கிக்குப் போகணும். தங்கச்சிக்குப் பதினஞ்சு முடியுது.

கெவேடோ: தைனாராவுக்கா? அப்ப பிறந்தநாள் விழா பலமா இருக்குமே.

டோர்னெல்ஸ்: அம்மா கவுன் வாடகைக்கு எடுத்துட்டாங்க. மாமா ரெண்டு ஆடு தரேன்னுட்டார், சுடுறதுக்கு. விழாவுல முதல் நடனம், அந்த வால்ட்ஸ், அவகூட நான் ஆடணும்.

கெவேடோ: அது அப்பாதானே ஆடு... ஓ. மன்னிச்சுக்கடா. செத்துட்டார்னு சொன்னேல்ல.

டோர்னெல்ஸ்: ...வரிசை நகருது பாரு.

சார்ஜென்ட் ஃபகுண்டஸ்: டோர்னெல்ஸ். கழுவி முடிச்சாச்சா? எந்த மேசைக்குப் போற?

டோர்னெல்ஸ்: மூணாவதுக்கு, சார்ஜென்ட்.

சார்ஜென்ட்: அங்க ஒருத்தனும் போகலையே.

டோர்னெல்ஸ்: அதான் நிக்க வேண்டியதில்ல, சார்ஜென்ட்.

சார்ஜென்ட்: முதல் மேசைக்காரங்க எங்க ஓய்வறைக்கு டி.வி. வாங்கிக் கொடுத்திருக்காங்க. எம்மாம் பெரிசு தெரியுமா?

டோர்னெல்ஸ்: தெரியாது, சார்ஜென்ட். சிப்பாய்ங்க அந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு பலகை தொங்குது.

சார்ஜென்ட்: சரி. நான் யாரையும் வற்புறுத்தல. அவனவன் சுதந்திரமா வங்கியைத் தேர்ந்தெடுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. நீயும் சுதந்திரமா யோசி. அதிகாரிங்க கக்கூஸ் இன்னும் கழுவாம கிடக்கு, அங்க போய் யோசி.

*

கெவேடோ: டேய், எழுந்திரு. என் தண்ணிக் குடுவையைக் காணோம்.

டோர்னெல்ஸ்: இன்னிக்குத்தான் முதல் லீவு, இன்னிக்குப் போய்த் தொலைச்சியா? பெட்டியைப் பூட்டலையா?

கெவேடோ: பூட்டு பூட்டினபடி தொங்குதுடா. மஷாடோவுக்கு பெல்ட்டைக் காணோம். அந்தக் கோணமூக்கனுக்குத் தட்டு. ஒருத்தனுக்கு இடது கால் பூட்ஸ் மட்டும்.

டோர்னெல்ஸ்: இடது கால் மட்டும் எடுத்து என்ன பண்ணுவான்?

கெவேடோ: எடுத்தவனுக்கு இடதுதான் கிழிஞ்சிருந்திருக்கும். பதினோரு மணிக்கு லெப்டினன்ட் பெட்டி பெட்டியாப் பார்த்துட்டு வருவார். ஒரு சாமான் குறைஞ்சாலும் லீவு கிடையாது. ...உனக்கு என்ன காணோம்?

டோர்னெல்ஸ்: எல்லாம் இருக்கு.

கெவேடோ: எல்லாமா? வெறும் கம்பியைச் சுத்தி வச்சிருக்கிற பெட்டியிலயா?

டோர்னெல்ஸ்: வேலிக் கம்பிடா அது. நாலு வருஷம் மாட்டுப் பண்ணைகளுக்கு வேலி கட்டினவன் நான். அந்த முறுக்கு காளை முட்டினாலும் அவுழாது.

கெவேடோ: மெதுவாப் பேசு. முப்பது பெட்டி இருக்கு. பூட்டின பெட்டியில எல்லாம் ஏதாவது ஒண்ணு காணோம். பூட்டே இல்லாதவன்கிட்ட மட்டும் அத்தனையும் அப்படியே இருக்கு. கேட்கிறவன் என்ன நினைப்பான்?

டோர்னெல்ஸ்: முறுக்கு நல்லாப் போட்டிருக்கான்னு நினைப்பான்.

கெவேடோ: நீதான் திருடன்னு நினைப்பான். நினைச்சாச்சு. மஷாடோ நேரா சார்ஜென்ட்கிட்ட போயிட்டான். ...டோர்னெல்ஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

டோர்னெல்ஸ்: சொல்லு.

கெவேடோ: இல்ல... அப்புறம் சொல்றேன். அவர் கூப்பிடுறார் பாரு.

*

சார்ஜென்ட்: கதவைச் சாத்து. கெவேடோ, உன்னை யாரு கூப்பிட்டா?

கெவேடோ: சாட்சிக்கு வந்தேன், சார்ஜென்ட்.

சார்ஜென்ட்: எதுக்குச் சாட்சி? விஷயம் பளிச்சுனு இருக்கு. எல்லாருக்கும் காணோம், இவனுக்கு மட்டும் காணோம்கிறது இல்ல. எடுத்ததை எங்க வச்சிருக்க?

டோர்னெல்ஸ்: நான் எடுக்கல, சார்ஜென்ட். எடுக்கணும்னா பூட்டை உடைக்கணுமே. ஒரு பூட்டும் உடையலையே.

சார்ஜென்ட்: அதான் உன் திறமை.

கெவேடோ: சார்ஜென்ட்... அந்தப் பூட்டுங்க எல்லாத்துக்கும் ஒரே சாவி.

சார்ஜென்ட்: என்ன உளர்ற?

கெவேடோ: வங்கி கொடுத்த பூட்டு. யார் சாவியைப் போட்டாலும் யார் பூட்டும் திறக்கும். மொத்தமா மலிவுல வாங்கிட்டாங்க போல.

சார்ஜென்ட்: உனக்கு எப்படித் தெரியும்?

கெவேடோ: ...கேள்விப்பட்டேன்.

சார்ஜென்ட்: ஒரு வங்கி, எத்தனை பெரிய கட்டடம், அவங்க பூட்டைக் குறை சொல்ற. இந்தா, என் அலமாரியிலயும் அவங்க கொடுத்த பூட்டுதான் தொங்குது. உன் சாவியைப் போடு. திறக்காது. போட்டுப் பாரு.

கெவேடோ: ...திறந்துருச்சு, சார்ஜென்ட்.

சார்ஜென்ட்: மூடு.

கெவேடோ: உள்ள நிறைய குடுவை இருக்கு, சார்ஜென்ட். ஒண்ணுல என் பேரு...

சார்ஜென்ட்: மூடுன்னு சொன்னேன். அது கிடங்குக் கணக்கு. போன மாசம் ஆய்வுக்கு வந்தவங்க கணக்கு குறையுதுன்னாங்க. உங்களுக்கெல்லாம் அது புரியாது. எல்லாத்தையும் திறக்கிறது என் சாவி மட்டும்தான்னு நினைச்சேன். ...ரெண்டு பேரும் என்ன முழிக்கிறீங்க?

டோர்னெல்ஸ்: ஒண்ணும் இல்ல, சார்ஜென்ட். அப்ப நான் திருடன் இல்லல்ல?

சார்ஜென்ட்: இந்தக் கூடத்துல திருட்டே நடக்கல. திருட்டுன்னு எழுதினா பூட்டைப் பத்தி எழுதணும். பூட்டைப் பத்தி எழுதினா டி.வி.யைப் பத்தி எழுதணும். லெப்டினன்ட் முதல் பெட்டியைப் பார்த்துட்டு நகர்ந்ததும் அந்தப் பெட்டிக்காரன் சாமானைப் பின்பக்கமா அடுத்தவனுக்குத் தள்ளி விடுங்க. இருக்கிறதை வச்சு முப்பது பெட்டியும் நிறைஞ்சிரும். நாங்க சிப்பாயா இருந்தப்பவும் இப்படித்தான்.

டோர்னெல்ஸ்: நன்றி, சார்ஜென்ட். அப்ப நான் அஞ்சு மணி பஸ்ஸுக்கு...

சார்ஜென்ட்: நீ எங்க போற? உன் பெட்டியில பூட்டு இல்ல. விதியில பூட்டுன்னு எழுதியிருக்கு.

டோர்னெல்ஸ்: இருக்கிறதுலயே ஒண்ணும் போகாத பெட்டி என்னோடதுதான், சார்ஜென்ட்.

சார்ஜென்ட்: அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். லெப்டினன்ட் கண்ணுக்குத் தொங்குறது ஒண்ணு தெரியணும்.

டோர்னெல்ஸ்: கேன்டீன்ல இப்பவே போய் வாங்கிட்டு வரேன். பஸ்ஸுக்குக் காசு வேற யார்கிட்டயாவது கேட்டுக்கிறேன்.

சார்ஜென்ட்: கேன்டீன்ல பூட்டு தீர்ந்து போச்சு. இனாமாக் கிடைக்கிற இடத்துல யாரு வாங்குறான்னு கொண்டு வர்றதையே நிறுத்திட்டான்.

கெவேடோ: சார்ஜென்ட், உங்க அலமாரிப் பூட்டை ஒரு மணி நேரம் கொடுத்தீங்கன்னா...

சார்ஜென்ட்: கொடுத்துட்டு? என் அலமாரியை எவனாவது திறந்துட்டா?

கெவேடோ: ...அதுவும் சரிதான், சார்ஜென்ட்.

சார்ஜென்ட்: அந்த முதல் மேசை வங்கி அம்மா இப்ப சமையல்கட்டுல காப்பி குடிச்சிட்டு இருக்காங்க. பையில பூட்டு இருக்கும். தாத்தா வங்கியில இருந்து கணக்கை மாத்திக்க, அடக்கத் திட்டத்தையும் சேர்த்து எடு, பூட்டை மாட்டு, ஊருக்குப் போ. அதெல்லாம் வேணாம்னா இங்கயே இரு. தங்கச்சிகூட வேற யாராவது ஆடட்டும். லீவு கேட்டப்ப மாமா இருக்கார்னு சொன்னேல்ல? அதுவும் இல்லன்னா அந்தக் கூட்டத்துல ஒரு ஆம்பளை கிடைக்காமலா போயிடுவான்? நான் வற்புறுத்தல. சுதந்திரமாத்தான் சொல்றேன்.

டோர்னெல்ஸ்: கையெழுத்து எங்க போடணும், சார்ஜென்ட்?

*

கெவேடோ: பஸ் இன்னும் வரல. இந்தா, மாட்டே டீ குடி. சூடா இருக்கு.

டோர்னெல்ஸ்: கொடு.

கெவேடோ: லெப்டினன்ட் உன் பூட்டை இழுத்துப் பார்த்துட்டுத் தலையாட்டினாரே, பார்த்தியா? அவருக்கு அப்படி ஒரு திருப்தி. எல்லா பெட்டியும் நிறைஞ்சிருக்கு, இந்த வருஷம் மாதிரி ஒழுக்கமான பசங்களை நான் பார்த்ததே இல்லன்னு சார்ஜென்ட் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

டோர்னெல்ஸ்: பார்த்தேன். அப்ப மஷாடோ பெல்ட் என் முதுகுக்குப் பின்னாடி போயிட்டு இருந்துச்சு.

கெவேடோ: ...டோர்னெல்ஸ், காலையில சொல்ல வந்தேன்ல.

டோர்னெல்ஸ்: ம்.

கெவேடோ: முதல்ல எடுத்தது நான்தான்டா, போன வாரம். இருட்டுல அவசரத்துக்கு என் பெட்டின்னு நினைச்சு மஷாடோ பெட்டியைத் திறந்துட்டேன். என் சாவி அதுலயும் வழுக்கிட்டுப் போச்சு. உள்ள புது பெல்ட். என்னுது பிஞ்சு தொங்குது. எடுத்துட்டு வந்துட்டேன். அவனும் சாவியைப் போட்டுப் பார்த்து இன்னொருத்தன்கிட்ட வேற ஏதோ எடுத்திருக்கான், அவன் அடுத்தவன்கிட்ட... அப்படியே கூடம் பூராவும் பரவிருச்சு.

டோர்னெல்ஸ்: தெரியும்.

கெவேடோ: தெரியுமா? எப்படி?

டோர்னெல்ஸ்: ஒரு வாரமா நீ மஷாடோகிட்ட ரொம்ப மரியாதையாப் பேசுற.

கெவேடோ: தெரிஞ்சும் சார்ஜென்ட்கிட்ட சொல்லலையா நீ... என்னால மாசா மாசம் அம்பத்தஞ்சு ரெயால் கட்டப் போறடா. சம்பளம் வந்ததும் பாதியை நான் தரேன். இல்ல, பாதி முடியாது. கொஞ்சம் தரேன்.

டோர்னெல்ஸ்: விடு.

கெவேடோ: ஆனா ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காத. ஒரு பாட்டு, மூணு நிமிஷம். மாமா ஆடினா என்ன குறைஞ்சு போகும்? அதுக்காகப் போய் தலையைக் கொடுத்திருக்கியே. ...ஆமா, அந்த அடக்கத்துல குடும்பத்துக்கு அஞ்சு பேரைச் சேர்க்கலாமே. உங்க வீட்டுல அத்தனை பேர் இல்லையே, யாரையெல்லாம் சொன்ன?

டோர்னெல்ஸ்: அம்மா, தைனாரா, மாமா, நான்.

கெவேடோ: நாலுதான் வருது.

டோர்னெல்ஸ்: அப்பா.

கெவேடோ: செத்தவரை எப்படிடா சேர்த்துக்கிட்டாங்க?

டோர்னெல்ஸ்: சாகல. நெல் அறுக்கிற மிஷின் ஓட்டன்னு தூரத்துல மாட்டோ குரோசோ மாநிலத்துக்குப் போனவர். அறுப்பு முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க, அவர் வரல. அப்ப நான் சின்னப் பையன். பள்ளிக்கூடத்துல கேட்டாங்க, செத்துட்டார்னு சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் கேட்கல. அதுவே வசதியா இருந்துச்சு.

கெவேடோ: இப்ப?

டோர்னெல்ஸ்: போன வாரம் வந்து இறங்கியிருக்கார். புது ஷூ வாங்கிட்டு வந்து, முற்றத்துல உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கிட்டே இருக்காராம். அம்மா ஒண்ணும் சொல்லலையாம். தைனாரா போன்ல நீ எப்பண்ணே வருவன்னு மட்டும் நாலு தடவை கேட்டா. நாளைக்கு நான் போய் நிக்கலைன்னா அவர் எழுந்திரிச்சு அவ கையைப் பிடிச்சிடுவார்.

கெவேடோ: அந்த ஆளுக்குப் போய் ஏன்டா பெட்டியும் பூவும்...

டோர்னெல்ஸ்: செத்தா நான்தானே புதைக்கணும். அது என் செலவுலயே இருக்கட்டும். வால்ட்ஸ் மட்டும் தர முடியாது.