பழைய சட்டையில் ஓட்டுகிறவன்

ராயபுரத்தில் டிராமுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இருவர். ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“ஜெர்மன் கப்பல்காரன் ஒருத்தன் திட்டிக்கினு கீறான் மாமு, கிளார்க்கு அத்த நமக்குத் தமிழ்ல சொன்னாரு. அவுங்க ஊரு சைக்கிள் பந்தயக்காரன், உலகத்தையே ஜெயிச்சவனாம். புது கவர்மெண்டு கொடி போட்ட சட்டை வாணாம்னு பழைய சட்டையிலயே ஓட்றானாம். அதுக்கு அவன் துரோகியாம்!”

“கவர்மெண்டு சொன்னா போட்டுக்க வேண்டியதுதானே?”

“இன்னாத்துக்கு? மிதிச்ச காலு அவனுது, பேரு மட்டும் கொடிக்கா?”

“பெருசா பேசறியே. துரை வந்தா நீ தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்றியா இல்லியா?”

டிராம் வந்தது. ஏறும்போது கொதித்துக்கொண்டிருந்தவர் கத்தினார்:

“கட்றேன்! அதான் வயிறு எரியுது. ஒருத்தனாச்சும் மாட்டேன்னு சொன்னா, அவனையும் வுட மாட்டேன்றானுங்களே!”